'தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்': பார்க்கும் முன்னும் பார்த்த பின்னும் எழும் கேள்விகள்

இந்தப் படத்தை யாருக்குப் பரிந்துரைத்தாலும் மறுநாள் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. சிலருக்கு அழகாக இருக்கிறது, ஆனால் எதற்காக இத்தனை அழகு என்று தெரியவில்லை. சிலருக்குச் சிரிப்பு வந்தது, கடைசியில் ஏன் தொண்டை அடைத்தது என்று புரியவில்லை. பத்து முறைக்கு மேல் பார்த்தவன் என்ற ஒரே தகுதியில் எனக்குத் தெரிந்த பதில்களை எழுதி வைக்கிறேன். முதல் ஆறு கேள்விகளில் முடிவு உடைபடாது. அதற்குப் பிறகு உடைபடும். படம் பார்த்துவிட்டு வாருங்கள்.

இது என்ன மாதிரிப் படம்?

வெஸ் ஆண்டர்சன் எழுதி இயக்கி 2014இல் வந்த நகைச்சுவைப் படம். கதையை அவரும் ஹியூகோ கின்னஸும் சேர்ந்து உருவாக்கினார்கள். ஓடும் நேரம் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. பெர்லின் திரைப்பட விழாவின் தொடக்கப் படமாகத் திரையிடப்பட்டு அங்கே நடுவர் குழுவின் பெரும் பரிசான வெள்ளிக் கரடியை வாங்கியது. அடுத்த ஆண்டு ஆஸ்கரில் ஒன்பது பரிந்துரைகள், நான்கு விருதுகள். அந்த நான்கும் எவை என்று பாருங்கள்: கலை இயக்கம், ஆடை வடிவமைப்பு, ஒப்பனை, இசை. கண்ணுக்கும் காதுக்கும் வேலை செய்தவர்கள்தான் மேடையேறினார்கள்.

கதையை முடிவு சொல்லாமல் சொல்ல முடியுமா?

ஸுப்ரோவ்கா என்ற ஒரு கற்பனை நாடு. ஐரோப்பாவின் கிழக்கு ஓரத்தில், மலை மேல் ஒரு பிரம்மாண்டமான ஹோட்டல். ஆண்டு 1932. விருந்தினர்களின் சகல தேவைகளையும் கவனிக்கும் தலைமைப் பணியாளர் குஸ்தாவ். வாசனைத் திரவியம், கவிதை, வயதான பணக்காரச் சீமாட்டிகள் என்று அவருக்குத் தனி ருசி. அவரிடம் எடுபிடியாகச் சேர்கிறான் ஜீரோ என்ற அகதிப் பையன். சீமாட்டி ஒருவர் இறந்துபோகிறார். விலைமதிப்பில்லாத ஓவியம் ஒன்றைக் குஸ்தாவுக்கு எழுதி வைத்திருக்கிறார். குடும்பம் கொதிக்கிறது. ஓவியத்தைத் தூக்கிக்கொண்டு இருவரும் ஓட, கொலைப்பழி குஸ்தாவ் தலையில் விழுகிறது. சிறை, தப்பித்தல், பனிமலைத் துரத்தல், தொலைந்துபோன உயில் என்று மேலே மேலே போகிறது. எல்லையில் போர் மூண்டுகொண்டிருக்கிறது.

காலம் முன்னும் பின்னும் தாவுகிறது. யார் யாருக்குக் கதை சொல்கிறார்கள்?

விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சிரமமே இல்லை. நான்கு அடுக்கு. இன்றைய நாளில் ஒரு பெண் ஓர் எழுத்தாளரின் சிலைக்கு முன்னால் அமர்ந்து அவர் எழுதிய புத்தகத்தைப் படிக்கிறாள். அதற்குள், 1985இல், வயதான அந்த எழுத்தாளர் நம்மைப் பார்த்துப் பேசுகிறார். அதற்குள், 1968இல், இளைஞராக இருந்த அவர் பாழடைந்துகொண்டிருக்கும் அந்த ஹோட்டலுக்குப் போகிறார்; அங்கே அதன் உரிமையாளர் முஸ்தஃபா என்ற கிழவரைச் சந்திக்கிறார். அந்தக் கிழவர் இரவு உணவின்போது சொல்லும் கதைதான் 1932. அவர்தான் அந்த எடுபிடிப் பையன் ஜீரோ.

நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். குஸ்தாவை நாம் நேராகப் பார்ப்பதே இல்லை. அவரை நேசித்த ஒருவர் 36 ஆண்டுகள் கழித்துச் சொன்னதை, கேட்டவர் பின்னர் எழுதி, அதை ஒரு பெண் படிக்கிறாள். 1932 ஏன் அவ்வளவு பளபளப்பாக இருக்கிறது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேயே கிடைத்துவிடுகிறது.

திரையின் அளவு அடிக்கடி மாறுகிறது. என் டிவியில் கோளாறா?

இல்லை, அப்படியே விடுங்கள். தயவுசெய்து ரிமோட்டில் ஜூம் பொத்தானை அழுத்திப் படத்தை இழுத்துத் திரையை நிரப்பிவிடாதீர்கள். படத்தின் பாதி உயிர் அந்தக் கறுப்புப் பட்டைகளில் இருக்கிறது.

1932 காட்சிகள் ஏறக்குறைய சதுரமான சட்டகத்தில் வரும். அகலம் உயரத்தைப்போல் 1.37 மடங்கு. அந்தக் காலத்துச் சினிமாவின் அளவு அதுதான். 1968 காட்சிகள் மிக அகலமானவை, 2.40 மடங்கு. 1950களில் அகலத்திரை வந்த பிறகான காலத்தின் அளவு. 1985 காட்சிகள் 1.85 மடங்கு. எந்தக் காலத்தில் இருக்கிறோம் என்று எழுத்துப் போடாமலே கண்ணுக்குச் சொல்லிவிடுகிறார்கள்.

ஆனால் அடையாளத்தோடு இது நின்றுவிடவில்லை. சதுரச் சட்டகத்தில் உயரம் கிடைக்கிறது. ஆளைத் தலை முதல் கால் வரை காட்டியும் மேலே இடம் மிஞ்சும். மாடிப்படி, லிஃப்ட், தொங்கும் விளக்கு, ஓங்கி நிற்கும் சிறைச்சுவர் என்று செங்குத்தான பொருள்களெல்லாம் இந்தச் சட்டகத்துக்குப் பிறந்தவை மாதிரி இருக்கும். நான்கு பேரை நிறுத்தினால் தோளோடு தோள் இடிக்க வேண்டும். அந்த நெருக்கமே 1932இன் சந்தோஷம். இப்போது 1968க்கு வாருங்கள். அதே ஹோட்டல், அதே கூடம். சட்டகம் நீண்டுவிட்டது, விருந்தினர்கள் ஏழெட்டுப் பேர்தான். ஒவ்வொருவரும் தனியாக, ஒருவருக்கொருவர் எட்டாத தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் தனிமை என்ற வார்த்தையைக் கண்ணீரோடு சொல்ல வேண்டியதில்லை. சட்டகத்தின் அகலமே சொல்லிவிடுகிறது.

ஏன் எல்லாமே நட்டநடுவில், அச்சில் வார்த்ததுபோல் இருக்கிறது? இதில் சிரிப்பு எங்கே வருகிறது?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆண்டர்சனும் அவருடைய வழக்கமான ஒளிப்பதிவாளர் ராபர்ட் யோமனும் கேமராவைச் சுவருக்கு நேர் எதிரே நிறுத்துகிறார்கள். கதவு நடுவில், ஆள் கதவுக்கு நடுவில். கேமரா நகர்ந்தால் தண்டவாளத்தில் ஓடுவதுபோல் பக்கவாட்டில் நகரும், அல்லது நேராக முன்னே போகும், அல்லது சடாரென்று கழுத்தைத் திருப்பிப் பார்க்கும். கொலுப்படியில் பொம்மை அடுக்கியதுபோல எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும்.

சீராக அடுக்கிய கொலுவில் ஒரே ஒரு பொம்மை கோணலாக நின்றால் கண் அங்கேதான் போகும். இந்தப் படத்தின் நகைச்சுவையில் பெரும்பகுதி இப்படித்தான் வேலை செய்கிறது. உயில் வாசிக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு உடையில் சொந்தக்காரர்கள் கூட்டமாகக் குழுப் படத்துக்கு நிற்பதுபோல் நிற்கிறார்கள். ஓவியம் குஸ்தாவுக்கு என்று அறிவிக்கப்பட்டதும் சீமாட்டியின் மகன் டிமிட்ரி குஸ்தாவை ஒரு குத்து விடுகிறார். உடனே ஜீரோ டிமிட்ரியைக் குத்துகிறான். உடனே டிமிட்ரியின் அடியாள் ஜோப்ளிங் ஜீரோவைக் குத்துகிறார். மூன்று குத்து, கடிகாரத்தின் டிக் டிக் டிக் போல. சண்டைக்காட்சிபோல் கேமரா ஆடி அசைந்திருந்தால் இதில் ஒரு சிரிப்பும் இருந்திருக்காது. மரியாதையான ஒழுங்குக்குள் வன்முறையும் தன் முறைக்காக வரிசையில் நிற்கிறது. அதுதான் சிரிக்க வைக்கிறது.

ஆரம்பத்தில் வரும் லிஃப்ட் காட்சியும் அப்படியே. ரத்தச் சிவப்பு மெருகெண்ணெய் பூசிய சின்ன அறை. கத்தரிப்பூ நிறச் சீருடையில் குஸ்தாவ், பக்கத்தில் கண்ணீரும் கம்பளியுமாகக் கிழட்டுச் சீமாட்டி, ஓர் ஓரத்தில் ஜீரோ, இன்னொரு ஓரத்தில் லிஃப்ட் இயக்கும் கிழவர். தான் இனித் திரும்பமாட்டேன் என்ற அச்சத்தில் சீமாட்டி நடுங்குகிறார். குஸ்தாவ் அவருடைய நகப்பூச்சின் நிறம் சரியில்லை என்று உண்மையாகவே வருந்துகிறார். மற்ற இருவர் முகத்திலும் ஓர் அசைவு இல்லை. முதல் முறை குஸ்தாவைப் பாருங்கள். அடுத்த முறை அந்த லிஃப்ட்காரக் கிழவரை மட்டும் பாருங்கள்.

நடிகர்கள் சிரிப்பு மூட்ட முயற்சி செய்வதே இல்லை என்பதையும் கவனியுங்கள். குஸ்தாவ் சிறைக்குப் போனதும் கூழ் வண்டியைத் தள்ளிக்கொண்டு அறை அறையாகப் போய்க் கைதிகளுக்கு ஹோட்டல் உபசாரம் செய்கிறார். அவருக்கு அது கேலி இல்லை. கூழாக இருந்தாலும் பரிமாறும் முறை ஒன்று உண்டு என்று முழு மனதோடு நம்புகிறார். பாத்திரம் தன்னைத்தான் எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறதோ அவ்வளவு சிரிப்பு நமக்கு.

இத்தனை நட்சத்திரங்கள். யாரைப் பார்ப்பது?

ரேஃப் ஃபைன்ஸ், எஃப். முர்ரே ஆபிரஹாம், டோனி ரெவலோரி, சேர்ஷா ரோனன், ஜூட் லா, டாம் வில்கின்சன், ஏட்ரியன் பிராடி, வில்லெம் டஃபோ, எட்வர்ட் நார்ட்டன், ஜெஃப் கோல்ட்ப்ளம், ஹார்வி கைட்டல், லியா செய்டூ, பில் முர்ரே, ஓவன் வில்சன், டில்டா ஸ்விண்டன். பட்டியல் இன்னும் இருக்கிறது. சிலர் ஓரிரு நிமிடம்தான் வருகிறார்கள். 'அட, இவரா!' என்று அடையாளம் காணும் குஷி இருக்கும். அதை அனுபவியுங்கள், தப்பில்லை. ஆனால் கூட்டு நடிப்பின் அழகு அதற்கு அப்பால் இருக்கிறது.

கூத்தில் வேஷம் திரைக்குப் பின்னாலிருந்து வரும்போதே இது யார், எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். இங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வெட்டுருவம் கொடுத்திருக்கிறார்கள். டஃபோவின் ஜோப்ளிங் என்றால் கறுப்புத் தோல் கோட்டு, விரல்களில் மண்டையோட்டு மோதிரங்கள், அதிகம் பேச்சு கிடையாது. கோல்ட்ப்ளமின் வக்கீல் என்றால் தாடி, கண்ணாடி, தொப்பி, எதிலும் நேர்மை. எழுத்தாளர் ஒரு பக்கம் வர்ணிப்பதை ஆடை வடிவமைப்பாளர் மிலேனா கனோனெரோ ஒரு கோட்டில் சொல்லிவிடுகிறார். 84 வயதுச் சீமாட்டியாக வரும் டில்டா ஸ்விண்டன் அப்போது ஐம்பதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார். தெரியாமல் பார்த்தால் நம்பமாட்டீர்கள்.

கூட்டணி முழுவீச்சில் ஓடும் இடம் நான்காம் பாகம். ஐரோப்பாவின் பெரிய ஹோட்டல்களில் குஸ்தாவைப் போன்ற தலைமைப் பணியாளர்களின் ரகசியச் சங்கம் ஒன்று; ஆபத்தில் இருக்கும் குஸ்தாவுக்காக ஒருவருக்கொருவர் தொலைபேசியில் செய்தி கடத்துகிறார்கள். ஒருவர் சூப்பை ருசி பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் மயங்கிக் கிடப்பவரின் மார்பை அமுக்கிக்கொண்டிருக்கிறார். மணி அடித்ததும் பக்கத்திலிருக்கும் பையனிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். பையனும் ஒரு கேள்வி கேட்காமல் அதே இடத்திலிருந்து தொடர்கிறான். ஒரே வேடிக்கை திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் வேறு ஹோட்டல், வேறு நிறம். தொழில் மேல் கொண்ட பக்தியை இவ்வளவு சந்தோஷமாகக் காட்டிய காட்சி எனக்கு வேறு நினைவில்லை.

ஆனாலும் யாராவது ஒருவரைத்தான் பார்க்க முடியும் என்றால் குஸ்தாவாக வரும் ஃபைன்ஸைப் பாருங்கள். கடுமையான, இருண்ட வேடங்களுக்குப் பேர்போனவர். இங்கே பட்டுப்போல வழுக்கிக்கொண்டு போகும் மரியாதையான வாக்கியத்தின் நடுவே சட்டென்று ஒரு கெட்ட வார்த்தை விழும். மறுநொடி பட்டு தொடரும். சப்டைட்டில் இந்த ஏற்ற இறக்கத்தைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. காதைக் கூர்மையாக வைத்திருங்கள்.

இனி முடிவு உடைபடும்.

எல்லாம் ஏன் இளஞ்சிவப்பு?

எல்லாம் இல்லை. 1932இன் ஹோட்டல்தான் இளஞ்சிவப்பு. 1968இல் அதே ஹோட்டல் மங்கிய ஆரஞ்சு, பாசிப் பச்சை, பழுப்பு. சர்வாதிகாரத்தின் கீழ் போய்விட்ட நாட்டில் ஹோட்டலும் அரசு அலுவலகம்போல் ஆகிவிட்டது. கூடத்தை ஜெர்மனியில் போலந்து எல்லையை ஒட்டிய கோர்லிட்ஸ் நகரத்தில், மூடிக்கிடந்த ஒரு பழைய பல்பொருள் அங்காடிக்குள் அமைத்தார்கள். 1913இல் திறக்கப்பட்ட கட்டடம். இரண்டு காலங்களுக்கும் அதே இடம்தான். கலை இயக்குநர் ஆடம் ஸ்டாக்ஹவுசன் ஒரே மேனியில் இளமையையும் மூப்பையும் காட்டியிருக்கிறார். படிக்கட்டையும் மேல்மாடத்தையும் இரண்டு காலத்திலும் ஒப்பிட்டுப் பாருங்கள், எலும்புக்கூடு அப்படியே இருக்கும்.

நிறத்தைப் பற்றிப் பேசும்போது மெண்டல்ஸ் பெட்டியை விட முடியாது. ஊரின் புகழ்பெற்ற இனிப்புக் கடை. அதன் பெட்டி இளஞ்சிவப்பு, மேலே நீல நாடா. வரைகலை வடிவமைப்பாளர் ஆனி அட்கின்ஸ் இதற்காக வரைந்த எழுத்தில் பிரெஞ்சுச் சொல் ஒன்றில் ஒரு எழுத்து கூடிவிட்டது. நிறைய எடுத்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். பின்னர் கணினியில் ஒவ்வொரு காட்சியாகத் திருத்தினார்கள். நொடிப்பொழுது தெரியும் பெட்டிக்கு இந்தக் கவனிப்பு.

அந்தப் பெட்டிதான் சிறைக்காட்சியின் உயிர். சிறைக்கு வரும் சாப்பாட்டுப் பொருள்களை ஒரு காவலாளி கத்தியால் கண்டதுண்டமாக வெட்டிச் சோதிக்கிறார். ரொட்டி வந்தால் வெட்டு, பாலாடைக்கட்டி வந்தால் வெட்டு. மெண்டல்ஸ் பெட்டியைத் திறக்கிறார். உள்ளே கோபுரம்போல் அடுக்கிய குட்டிக் குட்டிப் பலகாரம். கத்தி நின்றுவிடுகிறது. இவ்வளவு அழகானதை வெட்ட மனம் வரவில்லை. அப்படியே மூடி உள்ளே அனுப்பிவிடுகிறார். தப்பிப்பதற்கான உளியும் சுத்தியலும் அதற்குள்தான். அழகுக்கு முன்னால் ஒரு காவலாளியின் கை தயங்கியதால் ஒரு மனிதன் விடுதலையாகிறான். படம் எதை நம்புகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் வேண்டியதில்லை.

மலைமேல் ஹோட்டல் பொம்மை மாதிரி தெரிகிறது. கிராஃபிக்ஸ் சரியில்லையா?

பொம்மைதான். ஹோட்டலின் முகப்பு கையால் செய்த சிறு மாதிரி வடிவம். பின்னால் மலைகள் வரைந்த ஓவியம். மலை ஏறும் இழுவை ரயிலும் பனிச்சறுக்குத் துரத்தலும்கூட மாதிரி வடிவங்களைக் கொண்டு எடுத்தவை. எப்படி எடுத்தாலும் இப்படியொரு ஹோட்டல் கிடையாது என்று பார்ப்பவருக்குத் தெரியும்; அப்படியிருக்க, தனக்குப் பிடித்த பழைய பாணிச் செயற்கையையே எடுத்துக்கொள்ளலாம் என்பது ஆண்டர்சனின் வாதம்.

எனக்கு இதில் இன்னொன்றும் தோன்றும். கிழவர் சொல்லக் கேட்டு எழுதியதைப் படிக்கும் பெண்ணின் மனதில் அந்த ஹோட்டல் எப்படி எழும்? கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்த பொம்மை வீடுபோலத்தானே. நினைவுக்கு அளவு சரியாக இருந்தால் போதும், கல்லும் காரையும் வேண்டாம்.

'அழகு மட்டும்தான் இருக்கிறது, உயிர் இல்லை' என்கிறார்களே?

நேர்மையான விமர்சனம்தான். முதல் முறை எனக்கும் பாதிவரை அப்படியே தோன்றியது. என் மனதை மாற்றியவை இரண்டு ரயில் காட்சிகள்.

முதலாவது, சீமாட்டியின் சாவுக்குப் போகும் வழியில். வயல்வெளியில் ரயில் நிற்கிறது. ஜன்னலுக்கு வெளியே ராணுவம். சாம்பல் சீருடைக்காரர்கள் பெட்டிக்குள் வந்து காகிதம் கேட்கிறார்கள். ஜீரோவிடம் இருப்பது அகதியின் காகிதம். அவனை இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறார்கள். குஸ்தாவ் குறுக்கே பாய்கிறார், மூக்கில் ரத்தம் வர அடி வாங்குகிறார். அப்போது அதிகாரி ஹென்கெல்ஸ் உள்ளே வருகிறார். சின்ன வயதில் தன்னிடம் குஸ்தாவ் காட்டிய அன்பு அவருக்கு நினைவிருக்கிறது. ஜீரோவுக்குத் தற்காலிகப் பயண அனுமதி ஒன்றை எழுதிக்கொடுத்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கிப்போகிறார். இந்தக் கசாப்புக்கடை உலகத்திலும் நாகரிகத்தின் சுடர் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்ற பொருளில் குஸ்தாவ் பேச ஆரம்பித்து, முடிக்காமல் விடுகிறார். நாம் சிரித்துக்கொண்டே கடந்துவிடுகிறோம்.

இரண்டாவது, ஏறக்குறைய முடிவில். அதே பெட்டி, அதே வயல், ரயில் நிற்கிறது. இம்முறை படம் கறுப்பு வெள்ளைக்கு மாறிவிட்டது. ஜீரோவின் புது மனைவி அகதாவும் பக்கத்தில் இருக்கிறாள். சீருடை கறுப்பு. ஜீரோ அந்த அனுமதிச் சீட்டை நீட்டுகிறான். சிப்பாய் அதைப் பார்த்துவிட்டுக் கிழித்துப்போடுகிறான். குஸ்தாவ் அன்று பாய்ந்ததுபோலவே இன்றும் பாய்கிறார். யாரும் உள்ளே வரவில்லை. மன்னிப்பு இல்லை. கதை 1968க்குத் தாவுகிறது. பிறகு என்ன ஆயிற்று என்று இளம் எழுத்தாளர் கேட்கிறார். சுட்டுவிட்டார்கள் என்று கிழவர் சொல்லி முடிக்கிறார். சட்டகமும் கேமராவும் இடமும் மாறவில்லை, நிறம் மட்டும் போய்விட்டது. அந்த நிமிடத்தில்தான் இதுவரை பார்த்த நிறத்துக்கெல்லாம் விலை தெரிகிறது. கேலிச்சித்திரம் மாதிரி இருந்த ஒரு மனிதர் இரண்டு முறை ஒரே காரியத்தைச் செய்கிறார். இரண்டாவது முறை உலகம் அவருக்குப் பதில் மரியாதை செய்யவில்லை.

குஸ்தாவின் உலகம் அவர் அதற்குள் வருவதற்கு முன்பே மறைந்துவிட்டது, ஆனாலும் அந்த மாயையை அவர் அற்புதமான நளினத்தோடு தாங்கிப் பிடித்தார் என்ற கருத்தைக் கிழவர் சொல்வார். அந்த நேர்க்கோடுகள், நாடாக் கட்டிய பெட்டிகள், இஸ்திரி கலையாத கோட்டுகள் எல்லாம் அப்படித் தாங்கிப் பிடிக்கிற கைகள்தான். பாணியை உரித்துவிட்டு உள்ளே உயிரைத் தேடினால் கிடைக்காது. தோலிலேதான் உயிர் இருக்கிறது.

அகதா ஏன் இவ்வளவு குறைவாக வருகிறாள்?

பலரும் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். ஆனால் கதை சொல்பவர் யார் என்று மறந்துவிடக் கூடாது. அவள் பெயர் வரும் இடத்திலெல்லாம் கிழவருக்குக் கண் கலங்குகிறது. அவளைப் பற்றிப் பேசினால் கட்டுப்படுத்த முடியாது என்று அவரே சொல்கிறார். அதனால் சுற்றி வளைத்துப் போகிறார். அவளும் குழந்தையும் நோயில் போனதை ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துவிடுகிறார். ராட்டினத்தின் விளக்குகள் பின்னால் சுழல அவள் முகம் நேராக நம்மைப் பார்க்கும் ஒரு ஷாட் இருக்கிறது. அவரால் தாங்க முடிந்தது அவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

லாபம் தராத அந்த ஹோட்டலை அவர் விற்காமல் வைத்திருப்பதும் அவளுக்காகத்தான். அத்தனை அறைகளுக்கும் சொந்தக்காரர் படுப்பது மேல்மாடியில், பணியாளாக இருந்தபோது கிடைத்த அதே பொந்து அறையில்.

எழுத்தாளர் ஸ்டீஃபன் ஸ்வைகுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

அவருடைய எழுத்துகளால் தூண்டப்பட்டதாகப் படத்திலேயே குறிப்பு வரும். ஸ்வைக் 1881இல் வியன்னாவில் பிறந்த யூதர். தன் காலத்தில் உலகமெங்கும் வாசிக்கப்பட்டவர். நாஜிகள் அவர் புத்தகங்களை எரித்தார்கள். 1934இல் ஆஸ்திரியாவை விட்டு வெளியேறி நாடு நாடாக அலைந்து, 1942இல் பிரேசிலின் பெட்ரோபொலிஸ் நகரில் மனைவியோடு தற்கொலை செய்துகொண்டார். அந்நியர் ஒருவர் தன் ரகசியத்தைச் சொல்ல, கேட்பவர் நமக்குச் சொல்வது அவருடைய கதைகளில் அடிக்கடி வரும் அமைப்பு. படத்தின் அடுக்கு அங்கிருந்து வந்தது. குஸ்தாவின் மீசையிலும் இளம் எழுத்தாளரின் தோரணையிலும் அவருடைய சாயல் தெரியும். ஸ்வைகைப் படிக்காமலும் படத்தை ரசிக்கலாம். அந்த வாழ்க்கை தெரிந்தபின் இரண்டாவது ரயில் காட்சி இன்னும் கனக்கும்.

இசையில் எதைக் கவனிக்க வேண்டும்?

அலெக்ஸாந்த்ர் டெஸ்பிளாவுக்கு முதல் ஆஸ்கர் வாங்கித் தந்த இசை. பாலலைக்கா, சிம்பலோம் போன்ற தந்திக் கருவிகள் விறுவிறுவென்று மீட்டுவதை எளிதில் பிடித்துக்கொள்ளலாம். முடிவில் பெயர்கள் ஓடும்போது எழுந்துவிடாதீர்கள். பாலலைக்காக் கூட்டம் உச்சத்துக்குப் போகும்போது திரை ஓரத்தில் ஒரு குட்டி மனிதர் ஆட ஆரம்பிப்பார்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

வேண்டாம். நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். வெட்டுண்ட விரல்கள், கூடைக்குள் ஒரு தலை, கெட்ட வார்த்தைகள், படுக்கையறைக் குறிப்புகள் எல்லாம் உண்டு. பூனைப் பிரியர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: ஒரு பூனைக்கு நல்ல கதி இல்லை.

இரண்டாவது முறை பார்க்கும்போது ஒரே ஒரு காட்சியைக் கவனிக்கச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

சிறையிலிருந்து வெளியே வந்ததும் நடப்பதை. குஸ்தாவ் குழிக்குள்ளிருந்து ஏறி வருகிறார். ஜீரோ காத்திருக்கிறான். ஒளிய இடம் பிடித்தாயா, வேஷம் கொண்டுவந்தாயா என்று வரிசையாகக் கேட்கிறார், எதுவும் இல்லை. கடைசியில், வாசனைத் திரவியமாவது? அதையும் மறந்துவிட்டான். குஸ்தாவ் பொறுமை இழக்கிறார். நீயெல்லாம் ஏன் உன் ஊரை விட்டு இங்கே வந்தாய் என்று புலம்பெயர்ந்த ஓர் ஏழைப் பையனைப் பார்த்து யாரும் சொல்லக் கூடாததையெல்லாம் கொட்டுகிறார். படத்தில் அவர் அசிங்கமாகத் தெரியும் ஒரே இடம்.

ஜீரோ மெதுவாகப் பதில் சொல்கிறான். போர். அப்பாவைக் கொன்றார்கள். மற்றவர்களை வரிசையில் நிறுத்திச் சுட்டார்கள். கிராமத்தை எரித்தார்கள். அதனால் வந்தேன்.

குஸ்தாவின் முகத்தைப் பாருங்கள். ஃபைன்ஸ் அந்த முகத்தில் ஒவ்வொரு விளக்காக அணைப்பதுபோல் இருக்கும். தான் பேசியதற்குச் சமாதானம் சொல்லவில்லை. வெட்கப்பட்டு, முழுமையாக மன்னிப்புக் கேட்கிறார். அதையும் தன் பெயரில் கேட்டால் போதாது என்று நினைத்தோ என்னவோ, ஹோட்டலின் சார்பில் கேட்கிறார். கந்தலும் அழுக்குமாக, துரத்தப்படும் கைதியாக, இருட்டில் நின்றுகொண்டு. பிறகு இருவரும் சகோதரர்கள் ஆகிவிடுகிறார்கள். மனம் நெகிழ்ந்து குஸ்தாவ் ஒரு கவிதை சொல்லத் தொடங்குகிறார். படம் முழுக்க அவரை ஒரு கவிதையையாவது முடிக்க யாரும் விடுவதில்லை. இங்கே சிறையின் அபாய மணி அலறுகிறது.